எச்டிஎல், விகிதம், நான்-எச்டிஎல்: ரிப்போர்ட்டில் எதை நம்புவது?

லிப்பிட் ப்ரொஃபைல் (ரத்தத்தில் உள்ள கொழுப்புகளை அளக்கும் பரிசோதனை) ரிப்போர்ட் கைக்கு வந்ததும் "நல்ல கொழுப்பு 65 இருக்கு, பயமில்லை" என்று மடித்து வைத்துவிடுபவர்கள் நிறைய பேர். இதைக் கேட்டாலே எனக்குப் பதறும்.

முதலில் அந்த "நல்ல கொழுப்பை", அதாவது எச்டிஎல்லை மட்டும் பார்ப்போம். ரத்தக்குழாய்ச் சுவரில் சேர்ந்த கொலஸ்ட்ராலை எடுத்துக் கல்லீரலுக்குக் கொண்டு போவது இதன் வேலை. ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருந்தால் குறைவு. குறைவாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருவது உண்மைதான், ஆனால் அதை ஏற்றிவிட்டால் ஆபத்து இறங்குமா என்று பார்த்தபோதுதான் கதை மாறியது. டார்செட்ராபிப் என்ற மருந்து எச்டிஎல்லை 70 சதவீதத்துக்கு மேல் உயர்த்தியது, ஆனால் அதை எடுத்துக்கொண்டவர்களிடம் மரணங்கள் கூடியதால் 2006 டிசம்பரில் சோதனையையே நிறுத்திவிட்டார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்தோடு நியாசினை (வைட்டமின் பி3) சேர்த்துக் கொடுத்த பெரிய சோதனைகளிலும் எச்டிஎல் ஏறியது, மாரடைப்பு குறையவில்லை. காரணம் யோசித்தால் புரியும்: அந்தத் துகள்களுக்குள் எவ்வளவு கொலஸ்ட்ரால் இருக்கிறது என்றுதான் ரிப்போர்ட் சொல்கிறது, அவை எவ்வளவு நன்றாக வேலை செய்கின்றன என்று சொல்வதில்லை. அளவு மிக மிக அதிகமாக இருப்பவர்களிடம்கூட இறப்பு விகிதம் கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

அடுத்தது விகிதம், அதாவது மொத்தக் கொலஸ்ட்ராலை எச்டிஎல்லால் வகுத்தால் வருவது. அடுத்த பத்து வருடத்தில் இதய நோய் வரும் ஆபத்தைக் கணிக்க இது பயன்படும், அதை மறுக்கவில்லை.

மூன்றாவது நான்-எச்டிஎல். மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழித்தால் போதும், மிச்சம் இருப்பதெல்லாம் குழாயை அடைக்கக்கூடிய கொழுப்பு. ஒருவருக்கு மொத்தம் 240, எச்டிஎல் 65 என்றால் விகிதம் 3.7. இன்னொருவருக்கு 170, 38 என்றால் 4.5. விகிதம் குறைவாக இருப்பதால் முதல் ஆள் தேவலை என்று தோன்றும், ஆனால் கழித்துப் பாருங்கள்: அவருக்கு 175, இரண்டாமவருக்கு 132! முதல் ஆளின் பெரிய எச்டிஎல் அந்த 175-ஐ மறைத்துவிடுகிறது. பொதுவாக 130-க்குள் இருப்பது நல்லது, இதய நோயோ சர்க்கரையோ இருந்தால் அதற்கும் கீழே. அதனால் என் ஓட்டு நான்-எச்டிஎல்லுக்குத்தான்.

இதில் இன்னொரு வசதி, சாப்பிட்டுவிட்டும் ரத்தம் கொடுக்கலாம். சாப்பாட்டால் அதிகம் ஏறுவது டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை ரத்தக் கொழுப்புதான், மொத்தமும் எச்டிஎல்லும் பெரிதாக அசையாது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அப்புறம், காய்ச்சல், தொற்று, அறுவை சிகிச்சை என்று ஏதாவது வந்து போன சில வாரங்களுக்குள் எடுத்தால் எச்டிஎல் குறைந்து காட்டும், கொஞ்சம் பொறுத்து எடுங்கள்.

சரி, எச்டிஎல் குறைவு என்று வந்துவிட்டால்? புகையை நிறுத்துங்கள், நடங்கள், எடையைக் குறையுங்கள். அந்த எண் கொஞ்சம்தான் ஏறும், ஆனால் இதயத்துக்குக் கிடைக்கும் நன்மை அதைவிடப் பெரியது.