கேமலாட் சி4: ஃபேர்வியூ விரிசலுக்கு எதை வாங்கலாம், எதை விடலாம்

கடையில் விசையை நான்கு முறை இழுத்துப் பார்த்துவிட்டு எழுதும் மதிப்புரைகளை நான் படிப்பதில்லை. பாறை ஏறுபவர் விரிசலில் செருகி, விழுந்தால் கயிறு தாங்க நம்பும் கருவிதான் கேம்: விசையை இழுத்தால் இதழ்கள் சுருங்கும், விட்டால் விரிந்து விரிசலைப் பற்றும். பிளாக் டைமண்ட் நிறுவனத்தின் கேமலாட் சி4 என்ற கேம் பற்றி இங்கே சொல்வதெல்லாம், கலிஃபோர்னியாவின் டுவாலமி மெடோஸில் ஃபேர்வியூ டோம் என்ற பாறைக் குன்றின் ரெகுலர் ரூட் பாதையில் ஏறியபோது கவனித்தவை. சுமார் 300 மீட்டர் உயரம், கடினம் அமெரிக்க அளவுகோலில் 5.9. 1962-இல் சக் பிராட்டும் வாலி ரீடும் முதலில் ஏறிய பாதை.

வடமுகம் என்பதால் வெயில் எளிதில் எட்டாது. கோடையின் தொடக்கத்தில் கீழ்ப் பிட்ச்சுகளின் (ஒரு கயிற்று நீளத்துக்குள் ஏறும் பகுதிகளின்) விரிசலில் நீர் கசியும். பாதையின் கடினமான பகுதியும் அங்கேதான். பனியாறு தேய்த்து மெருகேற்றிய கிரானைட்டில் கால் வழுக்க, ஒரு கை விரிசலுக்குள் இறுகியிருக்க, மறு கையால் இடுப்பில் தேடி ஒரு கேமை எடுக்க வேண்டும். அளவு தவறினால் திருப்பி மாட்டிவிட்டு வேறொன்றை எடுக்கத் தெம்பு இருக்காது. சி4 தன் விலைக்கு வேலை செய்வது இந்த இடத்தில்தான்.

இதன் நான்கு உலோக இதழ்களும் சங்கின் சுழிபோல் வளைந்தவை. எவ்வளவு விரிந்தாலும் பாறையைத் தொடும் கோணம் மாறாது. ரே ஜார்டின் வடிவமைத்து 1970-களின் இறுதியில் விற்பனைக்கு வந்த ஃப்ரெண்ட்ஸ் என்ற கேமுக்கு இருந்தது ஒரே அச்சு, கேமலாட்டுக்கு இரண்டு. அதனால் ஒவ்வோர் அளவும் அகன்ற இடைவெளியைக் கவ்வும்: எண் 1 ஏறத்தாழ 30 முதல் 52 மில்லிமீட்டர், எண் 2 ஏறத்தாழ 37 முதல் 65. ஒன்றின் எல்லைக்குள் அடுத்தது நுழைவதால், கண்மதிப்பு சற்றுப் பிசகினாலும் கையில் வந்த கேமே பெரும்பாலும் உட்கார்ந்துவிடுகிறது.

நிறங்கள் மனத்தில் பதிந்துவிடும்: ஊதா, பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம். எண் 0.3-உம் நீலம், எண் 3-உம் நீலம் என்பது வேடிக்கை. சுண்டுவிரல் விரிசலையும் முஷ்டி விரிசலையும் யாரும் குழப்பிக்கொள்ளப் போவதில்லைதான்.

கேமைக் கயிற்றோடு இணைக்க உதவும் துணிப்பட்டை மட்டும் குட்டை, நீட்ட முடியாது. டிஎம்எம் நிறுவனத்தின் டிராகன் கேமில் நீட்டலாம். பாதை வளையும் இடங்களில் சி4-உடன் தனியாக ஒரு ஸ்லிங் (துணிவார் வளையம்) சேர்க்காவிட்டால், கயிற்றின் அசைவில் எந்தக் கேமும் உள்ளே நகர்ந்து போகும். அரை டஜன் ஸ்லிங்காவது கூடவே தூக்க வேண்டும். எடை குறைந்த கேம் என்ற பெருமையில் பாதி அங்கேயே போய்விடுகிறது.

இன்னொன்று எல்லாக் கேம்களுக்கும் பொருந்தும். கீழே இழுக்கும் விசையைப்போல் ஏறத்தாழ இருமடங்கை அவை ஒவ்வொரு சுவரின் மீதும் செலுத்துகின்றன. தட்டினால் வெற்றொலி எழுப்பும் பாறைத் தகட்டின் பின்னால் எவ்வளவு விலை உயர்ந்ததை வைத்தாலும் தகடு பெயரக்கூடும். அங்கே நம்பாதீர்கள்.

கிரெசன்ட் லெட்ஜ் என்ற பாறைத் திட்டைத் தாண்டியபின் ஏறுவது எளிதாகிறது. பாறையில் துருத்தி நிற்கும் பெரிய ஃபெல்ட்ஸ்பார் படிகங்களில் கால் வைத்துப் போகலாம். கருவிக்கு வேலை குறைவு.

இந்தப் பாதைக்கென்றே வாங்குபவர் எண் 0.3 முதல் 3 வரை ஒவ்வொன்றும், விரல் அளவுகளில் இரண்டிரண்டும், ஒரு கொத்து நட்டும் (விரிசலில் செருகும் உலோகக் கட்டைகள்) வைத்துக்கொண்டால் போதும். எண் 4 எனக்குத் தேவைப்படவில்லை. பழையது மலிவாகக் கிடைத்தால் இதழ்களைவிடப் பட்டையை முதலில் பாருங்கள். உலோகத்துக்கு முன் நைந்துபோவது அதுதான்.