ஆர்எஃப்சி முதல் பக்கத்துல அஞ்சு பேர் போதுமா, எல்லார் பேரும் வரணுமா?

இன்டர்நெட் ஸ்டாண்டர்டு எழுதுற ஐஇடிஎஃப் அமைப்புல ரொம்ப நாளா இழுபடுற பஞ்சாயத்து இது. அந்த ஸ்டாண்டர்டு வெளியாகுற நம்பர் போட்ட ஆவணம்தான் ஆர்எஃப்சி, அதை எழுதினவங்க பேரு முதல் பக்கத்துல வரும். வருஷக்கணக்கா உழைச்சவங்க பேரு எங்க வரணும்ங்கிற விஷயம்ங்கறதால சும்மா தள்ளிவிட முடியாது.

எல்லார் பேரையும் போட்டுடலாமேன்னு கேப்பாங்க. முன்னாடி அப்படி நடந்திருக்கு. 2002-ல வந்த, இன்டர்நெட் வழியா போன் கால் இணைக்கற எஸ்ஐபி ஸ்டாண்டர்டு, ஆர்எஃப்சி 3261 எடுத்து பாருங்க, வலது ஓரத்துல எட்டு பேரு, கூடவே டைனமிக்சாஃப்ட், எரிக்சன், வேர்ல்ட்காம், ஏடி அண்ட் டி-ன்னு கம்பெனி பேரு வேற வரிசையா இறங்கும். நியாயமாத்தான் தெரியும், ஆனா இதை விட்டா எங்க ஆளு பேரும் வரணும்னு ஒவ்வொரு கம்பெனியும் வந்து நிக்கும். இயற்பியல்ல 2015-ல வந்த ஹிக்ஸ் துகள் நிறை பத்தின கட்டுரைக்கு 5,154 பேரு, 33 பக்கத்துல 24 பக்கம் பேரு லிஸ்டுதான். அங்க ஓடும். ஸ்டாண்டர்டுல ஓடாது, ஏன்னா இங்க முதல் பக்கத்துல பேரு இருந்தா பொறுப்பும் இருக்கு.

ஆத்48-னு ஒரு கட்டம் இருக்கு. பப்ளிஷ் ஆகறதுக்கு முன்னாடி முதல் பக்கத்துல இருக்கற ஒவ்வொருத்தரும் கடைசி வடிவத்தை படிச்சு ஓகே சொல்லணும். பேருக்கு 48 மணி நேரம், நிஜத்துல வாரக்கணக்குல கூட இழுக்கும், ஒருத்தர் வேலை மாறிட்டு பழைய மெயில் ஐடி செத்துப்போச்சுன்னா மீதி அத்தனை பேரும் காத்துக்கிட்டு கிடக்கணும். அப்புறம் யாராவது தப்பு கண்டுபிடிச்சு எர்ராட்டா, அதாவது பிழைத்திருத்தம், வந்தாலும் இவங்கதான் பதில் சொல்லணும். 2014-ல வந்த ஆர்எஃப்சி 7322 பொதுவா அஞ்சு பேருக்கு மேல வேண்டாம்னு சொல்றதுக்கு இது வலுவான காரணம்னு நினைக்கிறேன். தாண்டணும்னா காரணம் காட்டி கேக்கலாம், கதவை முழுசா சாத்தல.

அடுத்த வழி, முதல் பக்கத்துல எடிட்டர் பேரு மட்டும் போடறது. 2021-ல வந்த, இன்டர்நெட்ல டேட்டா அனுப்பற க்விக் ஸ்டாண்டர்டு, ஆர்எஃப்சி 9000-ல முதல் பக்கத்துல ரெண்டே எடிட்டர்தான். ஆரம்ப டிசைன்ல பெரும்பங்கு ஜிம் ராஸ்கைண்டோடது, அவர் பேரு கடைசில காண்ட்ரிபியூட்டர்ஸ், அதாவது பங்களிச்சவங்க பகுதில வருது. வேலை வேகமா முடியும், ஒத்துக்கறேன். ஆனா மேற்கோள் காட்டுறவங்க முதல் பக்கத்து பேரை மட்டும்தான் எடுப்பாங்க, பல்கலைக்கழகத்துல இருக்கறவங்களுக்கு இது நிஜமாவே வலிக்கும்.

ஐஎஸ்ஓங்கற சர்வதேச தர அமைப்பு மாதிரி யார் பேருமே போடாம விடறது எனக்கு சுத்தமா பிடிக்கல. சந்தேகம்னா யாரைக் கேக்கறதுன்னே தெரியாது.

என் ஓட்டு அஞ்சு பேர் வரம்புக்குத்தான், ஒரு கண்டிஷனோட. காண்ட்ரிபியூட்டர்ஸ்ல வெறும் பேரு பட்டியல் போடாம யாரு எந்த பகுதியை எழுதினாங்க, யாரு கோட் எழுதி டெஸ்ட் பண்ணாங்கன்னு ஒரு வரி போடணும். அந்த பகுதிக்கு பக்க வரம்பு எதுவும் கிடையாது, டிராஃப்ட் முதல் வெர்ஷன்லயே எழுத ஆரம்பிச்சுடலாம்.