சுழலும் பெயர்கள், சுழலும் நட்சத்திரம்: எது மேல்?

எழுபதுகளின் அமெரிக்கத் தொலைக்காட்சிக் கார்ட்டூன்களில் போட்டி நிறுவனங்கள் இரண்டு: 1957இல் தொடங்கிய ஹானா-பார்பெரா, 1962இல் தொடங்கிய ஃபில்மேஷன். இரண்டின் திரை அடையாளங்களும் சுழலும். ஆனால் சுழலும் காரணம் வேறு.

ஹானா-பார்பெராவின் 1979 நட்சத்திரம் கண்ணுக்கு விருந்து. கறுப்புத் திரையில் ஒளித்துண்டுகள் சுழன்று வந்து நட்சத்திரமாகச் சேரும். நிறுவனத்தின் பெயரும் தோன்றும். இன்று பார்த்தாலும் பிரமிப்புதான்.

ஃபில்மேஷனில் அந்தப் பளபளப்பு கிடையாது. தயாரிப்பாளர்கள் லூ ஷைமர், நார்ம் பிரெஸ்காட் இருவரின் பெயர்களும் ஒரு வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். யார் பெயர் முதலில் வருவது என்ற சிக்கலுக்கு அவர்கள் கண்ட தீர்வு அது. வட்டத்தில் முதலிடமும் இல்லை, கடைசி இடமும் இல்லை. பங்காளிகளுக்குள் இவ்வளவு நேர்த்தியான சமரசத்தை வேறெந்த டைட்டிலிலும் நான் பார்த்ததில்லை! பின்னாளில் பிரெஸ்காட் விலகினார். 1983இல் ஃபில்மேஷனின் ஹீ-மேன் கார்ட்டூன் தொடர் வந்தபோது ஷைமரின் கையெழுத்து மட்டுமே திரையில் இருந்தது. சுற்ற வேண்டிய தேவையே போய்விட்டது.

அழகுக்கு நட்சத்திரம், சந்தேகமில்லை. ஆனால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால், என் ஓட்டு ஃபில்மேஷனின் வட்டத்துக்கே.