லினக்ஸில் 14 மாதம் பீட் செய்த பிறகு

பழைய கணினி போன வாரம் பழுது பார்த்துத் திரும்பி வந்தது. மின்விசிறியை மாற்றி, உள்ளே அடைந்திருந்த தூசியைத் தட்டித் தந்திருந்தார்கள். அதே வாரம் நண்பன் போன் செய்தான். "லினக்ஸுக்கு மாறி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே, நானும் மாறிடட்டுமாடா?" அவனும் என்னைப் போல ஹிப் ஹாப் பீட், அதாவது ராப்புக்கு அடியில் ஓடும் இசை, செய்கிறவன். கணினியோடு இணைத்த ரப்பர் பேடில் விரலால் தட்டித்தான் டிரம்ஸ் போடுவான். போனில் ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. எழுதிக் காட்டுகிறேன் என்றேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது நிறையவே இருக்கிறது. லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்ட புதிய மடிக்கணினியில், 14 மாதத்தில் ஒரு தடவைகூட வேலை நடுவில் அப்டேட் என்று திரை நின்றதில்லை. கணினிக்கு ஒலியை உள்ளே வெளியே கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸைச் செருகினேன், டிரைவர் எதுவும் போடாமலே சத்தம் வந்தது. யூஎஸ்பி ஆடியோவின் பொதுத் தரப்படி செய்த கருவி என்றால் லினக்ஸின் மையமான கெர்னலே அடையாளம் கண்டுகொள்கிறது. அவசர வேலையைக் காக்க வைக்காமல் கவனிக்கும் நிகழ்நேர வசதி, பல வருடமாகத் தனியாகச் சேர்க்க வேண்டிய ஒட்டாகவே இருந்தது, 2024இல் 6.12 கெர்னலோடு மூலத்திலேயே சேர்ந்துவிட்டது. இசை செய்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

மாறியதில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. எஸ்பி-1200 என்ற சாம்பிளர், அதாவது ஒலித் துண்டுகளைப் பதிந்து திரும்ப வாசிக்கும் பெட்டி, 1987இல் வந்தது. 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ், மொத்த நினைவகமே 10 வினாடி. நியூயார்க்கின் பீட் தயாரிப்பாளர்கள் அந்த 10 வினாடியை நீட்ட ஒரு வழி வைத்திருந்தார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று ஓடும் இசைத்தட்டை 45இல் வேகமாக ஓட்டிப் பதிவு செய்வார்கள், பிறகு பெட்டிக்குள் வேகத்தைக் குறைத்துப் பழைய சுருதிக்குக் கொண்டுவருவார்கள். 45ஐ 33⅓ஆல் வகுத்தால் 1.35. அதாவது 10 வினாடிக்குள் 13.5 வினாடி இசை. விலையாகப் போனது மேல் அலைவரிசை: வேகம் குறைத்த பிறகு 9.6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இசை என்று எதுவும் மிஞ்சாது. அந்தக் காலத்து டிரம்ஸ் கம்பளி போர்த்தியது போல் கேட்பதற்கு இது ஒரு காரணம்.

லினக்ஸின் கட்டளைத் திரையில் இந்த மொத்த வேலையையும் நாலைந்து வரியில் எழுதினேன். 1.35 மடங்கு வேகம், வினாடிக்கு 26,040 மாதிரிகள், 12 பிட், பிறகு பழைய வேகம். ஒரு கோப்புறையில் இருந்த டிரம் சாம்பிள்கள் எல்லாவற்றையும் அதில் போட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. பழைய கணினியில் இதையே ஒவ்வொன்றாகத் திறந்து, மாற்றி, சேமிப்பேன். ஒரு மாலை முழுதும் போகும். அச்சு அசல் சத்தம் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டி வேகம் குறைக்கும்போது மாதிரிகளை முரட்டுத்தனமாகத் திரும்பத் திரும்ப அடுக்கும், அதில் ஒரு உலோகக் கணகணப்பு வரும். இன்றைய மென்பொருள் வடிகட்டி மிகச் சுத்தம், கணகணப்பு இல்லை. இருந்தாலும் ஒரு கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) சாம்பிளை முன்னும் பின்னும் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு கஷ்டம் எப்படிச் சுவையாக மாறியது என்பதைக் காதாலேயே புரிந்துகொண்டேன்.

சரி, இனி என் கோபம்.

பேடைத் தட்டினால் சத்தம் உடனே வராது. கணினி ஒலியைச் சிறு சிறு பொட்டலமாகத்தான் அனுப்பும், அந்தப் பொட்டலம்தான் பஃபர். வினாடிக்கு 48,000 மாதிரி வேகத்தில் 1024 அளவு பஃபர் என்றால் 21 மில்லிவினாடி. 256 என்றால் 5.3. 128 என்றால் 2.7. மாறிய முதல் வாரம் ஸ்னேர் என்ற சிறு டிரம்முக்கான பேடைத் தட்டும்போதெல்லாம் ரப்பரில் விரல் படும் 'டப்' முதலில் கேட்டது, ஸ்னேர் அதன் பின்னால் வந்தது. அந்த இடைவெளியைக் கை பொறுக்காது. சத்தம் தாளத்தோடு சேர வேண்டும் என்று அது தானாகவே முந்தித் தட்டத் தொடங்கும். பதிவைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், என் ஸ்னேர் எல்லாம் தாளக் கோட்டுக்கு முன்னால் விழுந்து கிடந்தது.

அளவை 128 என்று மாற்றினேன், சரியானது. மறுநாள் மறுபடியும் அதே 'டப்'. இப்படி இரண்டு மாதம். இப்போது பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் ஒலியைக் கவனிப்பது பைப்வயர் என்ற நிரல். எந்த நிரல் திறந்திருக்கிறது, அது என்ன கேட்கிறது என்பதைப் பார்த்துப் பஃபர் அளவைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும்படி அதை அமைத்திருக்கிறார்கள். படம் பார்க்கிறவருக்கு நல்ல ஏற்பாடு, பேட்டரியும் மிச்சம். கட்டளையில் நான் கொடுத்த 128 அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது மறந்துபோகும். அமைப்புக் கோப்பில் எழுதினால்தான் நிலைக்கும். இதைக் கண்டுபிடித்தபோது பாதித் தலைவலி போயிற்று. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. பீட்டில் டிராக்குகள் ஏற ஏற 128இல் பட் பட் என்று வெடிப்புச் சத்தம். 256க்குப் போவேன். பிறகு 512. ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு தாமதம், ஒவ்வொன்றுக்கும் கை புதிதாகப் பழக வேண்டும்.

சில மில்லிவினாடிக்கு இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். இந்த இசையில் அந்தச் சில மில்லிவினாடிதான் எல்லாம். 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸில், 1520 செட்ஜ்விக் அவென்யூவில், கூல் ஹெர்க் விருந்துக்கு இசைத்தட்டு ஓட்டினார். ஹிப் ஹாப்பின் பிறந்தநாள் என்று அதைத்தான் கொண்டாடுகிறோம். ஒரு பாட்டில் டிரம்ஸ் மட்டும் தனியாக வரும் சில வினாடிகளை இரண்டு தட்டுகளைக் கொண்டு மாற்றி மாற்றி நீட்டினார். அடுத்து கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் தட்டின் மேல் மெழுகுக் கலர்க்குச்சியால் கோடு போட்டு, எந்த இடத்தில் டிரம்ஸ் தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்தே கையால் திருப்பினார். ஆரம்பமே கைவேலை.

1988இல் ரோஜர் லின் வடிவமைத்த எம்பிசி-60 என்ற சாம்பிளர் வந்தபோது அந்தக் கை இசைத்தட்டிலிருந்து 16 ரப்பர் பேடுகளுக்கு வந்தது. அதன் ஸ்விங் (சில அடிகளைச் சற்றுத் தள்ளி விழவைக்கும் வசதி) பற்றி இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். கணக்கு எளிது: நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில், ஸ்விங்கை 50லிருந்து 54 சதவீதமாக்கினால் ஒரு அடியின் நான்கு பங்குகளில் இரண்டாவது 13 மில்லிவினாடி தள்ளி விழும். அவ்வளவுதான், தலை தானாக ஆடத் தொடங்கும். டெட்ராய்டின் ஜே டில்லா எம்பிசி-3000இல் பல சமயம் அடிகளைத் தாளக் கோட்டில் நிறுத்தும் தானியங்கித் திருத்தத்தையே அணைத்துவிட்டு, விரல் விழுந்த இடத்திலேயே டிரம்ஸை விட்டார். அவர் 2006இல் மறைந்தார். அந்த எம்பிசி இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 13 மில்லிவினாடியில் இசையே மாறும்போது, 21 மில்லிவினாடி தாமதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அப்புறம் ஒன்று கண்ணில் பட்டது, அதுதான் என்னை உட்கார வைத்தது. எம்பிசி-60 ஒரு அடியை 96 பங்காகத்தான் பிரிக்கும். 90 வேகத்தில் ஒரு பங்கு கிட்டத்தட்ட 7 மில்லிவினாடி. நான் பொருமிக்கொண்டிருக்கும் 5.3ஐ விட அது பெரியது. அந்தப் பெட்டியில் எத்தனையோ அருமையான தாளங்கள் பிறந்திருக்கின்றன. ஏனென்றால் அது என்றைக்கும் ஒரே மாதிரி நடந்துகொண்டது. இன்று தட்டினாலும் அடுத்த வருடம் தட்டினாலும் ஒரே பதில். நிலையான தாமதத்தைக் கை அரை நாளில் கற்றுக்கொள்ளும். மாறிக்கொண்டே இருப்பதை எந்தக் கையாலும் கற்க முடியாது. என் பழைய கணினியில் பஃபர் எட்டு வருடமும் 256தான், 44,100 வேகத்தில் 5.8 மில்லிவினாடி. எண்ணை வைத்துப் பார்த்தால் புதியதுதான் வேகம். கை அதை ஒத்துக்கொள்ளவில்லை.

இதே ஹிப் ஹாப்பில் வேறு பாதையில் போகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. டிஆர்-808 என்ற டிரம் கருவியை 1980இல் கொண்டுவந்து 1983இல் நிறுத்திவிட்டார்கள்; அதன் கிக்கை நீட்டி பாஸாக்கி, மேலே ஹை-ஹேட் என்ற சிறு ஜால்ராவைச் சரசரவென்று உருட்டி அட்லாண்டாவில் டிராப் என்ற ஹிப் ஹாப் வகை வளர்ந்தது. அந்த ஹை-ஹேட்டை மவுஸால் கட்டம் கட்டமாகப் போட்டுவிடலாம். மவுஸுக்குத் தாமதம் தெரியாது. அப்படி வேலை செய்கிறவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மாறலாம்.

பழைய பீட்டுகள் என்ன ஆயின என்றும் கேட்டான். எட்டு வருடம் பழகிய மென்பொருள் இங்கே நேரடியாக ஓடாது, அதோடு சேர்த்த பிளக்இன் என்ற துணை நிரல்களில் பாதியும் ஓடாது. மாறுவதற்கு முன் ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து, கோப்புப் பெயரிலேயே வேகத்தையும் எழுதி வைத்தவை மட்டும் பிழைத்தன. அப்படி எடுத்தது 40 பீட்டுதான். மற்றவை அந்தப் பழைய வன்தட்டிலேயே பூட்டிக் கிடந்தன. யார் மாறினாலும் இந்த வேலையை முதலில் முடியுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ஆகவே நண்பனுக்குப் பதில். லினக்ஸ் நல்ல தளம், நாளுக்கு நாள் மேலும் நன்றாகிறது, அந்த நாலு வரிக் கட்டளையை யார் கேட்டாலும் இனி விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனாலும் இன்றைக்குக் கேட்டால், விரலால் தட்டுகிறவன் மாறாதே என்றுதான் சொல்வேன்.

நேற்று ராத்திரி பழுது பார்த்து வந்த கணினியைச் சும்மா போட்டுப் பார்த்தேன். 14 மாதத்துக்கு முன் எட்டு பாரில் (தாளச் சுற்றில்) நின்றுபோன ஒரு பீட் அதே நிலையில் திறந்தது. பேடைச் செருகி ஸ்னேரைத் தட்டினேன். 'டப்' கேட்கவில்லை, ஸ்னேர் மட்டும்தான் கேட்டது. இரண்டாவது சுற்றில் கிக் கொஞ்சம் பின்னால் சாய்ந்தது, நான் சாய்க்க நினைத்த அதே அளவுக்கு. ஒரு மணி நேரத்தில் 32 பார் முடிந்திருந்தது. காலையிலிருந்து புதிய மடிக்கணினியின் மூடியை இன்னும் திறக்கவில்லை.