வாஞ்சையா, ஆவலா? இரண்டு தமிழ் பைபிள்கள்

தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலில் அச்சேறியது நம் டெல்டாவில்தான்: தரங்கம்பாடி, 1715, ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு. அன்றிலிருந்து திருத்தம் மேல் திருத்தம், கூடவே சண்டையும். பின்னால் வந்த மிஷனரி ரேனியஸ் திருத்தியபோது தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் எதிர்த்து நின்றார். இன்று இந்தப் பக்கம் புழங்குபவை பெரும்பாலும் இரண்டு. லுத்தரன், சி.எஸ்.ஐ. வீடுகளில் ஹென்றி பவர் என்பவர் 1871-இல் தந்த திருத்தத்தின் வழிவந்த பழைய பைபிள். கத்தோலிக்க வீடுகளில் 1995-இல் வந்த திருவிவிலியம். மாற்றுச் சபையில் பெண் எடுத்த வீடுகளில் இரண்டும் இருக்கும். ஆசை, ஏக்கம், எதிர்பார்ப்பு வரும் இடங்களில் எது தேறுகிறது?

முதலில் சங்கீதம் 42, அதாவது பைபிளின் பாட்டுத் தொகுப்பில் 42-ஆவது பாட்டு. பழையது: “மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல.” புதியது மானை “ஏங்கித் தவிக்க” வைக்கிறது. மூலத்தில் உள்ள எபிரேய வினை அரிது. யோவேல் 1:20-இல், ஆறு வற்றிய வறட்சியில் மிருகங்கள் கடவுளை நோக்கும் இடத்திலும் அதுவே வருகிறது. அது மானின் குரலைக் குறிக்கும் சொல் என்பார் யூத உரையாசிரியர் ராஷி. அப்படிப் பார்த்தால் ‘கதறு’ சரியான சொல். பழைய பைபிள் யோவேலிலும் அதையே போட்டு இரண்டு இடத்தையும் இணைத்துவிட்டது, கெட்டிக்காரத்தனம். ஆனால் கதறல் என்றதும் நமக்குத் தோன்றுவது சாவு வீடு, தாகம் அல்ல. வாஞ்சையும் சபைக்கு வெளியே பாசம் என்று குளிர்ந்துவிட்டது. பாட்டி பேரனை வாஞ்சையோடு தடவிக்கொடுப்பாள், அவ்வளவுதான். ‘தவிப்பு’ அப்படியில்லை. தவித்த வாய்க்குத் தண்ணீர் தராத பாவி என்று திட்டுகிற ஊர் இது. அந்தச் சொல்லுக்குள்ளேயே தாகம் இருக்கிறது. எனவே என் ஓட்டு புதியதற்கு.

யோவான் 2:17-இல் கதை தலைகீழ். கோயிலில் வியாபாரிகளை இயேசு விரட்டியதும் சீடர்களுக்கு ஒரு சங்கீத வரி ஞாபகம் வருகிறது. பழையதில் “பக்திவைராக்கியம் என்னைப் பட்சித்தது”. புதியதில் இல்லத்தின் மீதுள்ள “ஆர்வம்” எரித்துவிடும். ஆர்வமா? கிரிக்கெட்டில் ஆர்வம், சமையலில் ஆர்வம் என்று பயோடேட்டாவில் எழுதுகிற சொல் அது. கயிற்றைச் சாட்டையாக்கி மேசைகளைக் கவிழ்த்தவருக்கு அது பற்றவே பற்றாது. வைராக்கியம்தான் சரி. பட்சித்தது என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தீபாவளி பட்சணம் நினைவுக்கு வரலாம். போகட்டும், மூலத்தின் கிரேக்க வினைக்கும் பொருள் விழுங்குவதுதான்.

லூக்கா 22:15-இல், சீடர்களோடு பஸ்கா விருந்து உண்ண எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று இயேசு சொல்லும் இடத்தில், இரண்டுமே பாதி தூரம்தான். கிரேக்கத்தில் ‘ஆசையால் ஆசைப்பட்டேன்’ என்று எபிரேயப் பாணியில் சொல் இரட்டிக்கிறது. பழையதில் “மிகவும் ஆசையாயிருந்தேன்”, புதியதில் “மிக மிக ஆவலாய்.” இரட்டிப்பைப் புதியது மோப்பம் பிடித்துவிட்டது, ஆனால் தவறான சொல்லை இரட்டித்துவிட்டது. ‘ஆசை ஆசையாய்’ என்று நம் வீட்டிலேயே தயாராக இருக்கிறதே! பண்டிகைக்குச் சமைத்துவைத்து, பிள்ளைகள் வருவதற்குள் பொறுமை போய்விடும் அம்மாக்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். ஒருவேளை ஆசை என்ற சொல்லே இடறியிருக்கலாம். அந்தக் கிரேக்கச் சொல் வேறிடத்தில் கெட்ட பொருளில் வரும். 1 யோவான் 2:16-இல் பழைய பைபிள் அதை “இச்சை” என்கிறது.

ரோமர் 8:19-இல் படைப்பே காத்திருக்கிறது என்கிறார் பவுல்: பழையதில் “மிகுந்த ஆவலோடே”, புதியதில் “பேராவலோடு.” பெரிய வித்தியாசமில்லை, இரண்டிலும் உடம்பு இல்லை. பவுல் எழுதிய சொல்லுக்குள் ‘தலை’ இருக்கிறது: தலையை நீட்டி எட்டிப் பார்த்துக் காத்திருப்பது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, தினம் காலையில் மதகுப் பக்கம் போய் எட்டிப் பார்க்கும் கடைமடை விவசாயியின் கழுத்து அது. ‘வழிமேல் விழி வைத்து’ என்று போட்டிருந்தால் பாதியாவது வந்திருக்கும்.

அப்போஸ்தலர் 17:11-இல் பெரோயா ஊர்க்காரர்கள் வசனத்தை ஏற்றது “மனோவாஞ்சையாய்” என்கிறது பழையது. புதியதில் அது ஆர்வம். இங்கே ஆர்வம் தாராளமாகப் போதும், அவர்கள் செய்தது தினமும் உட்கார்ந்து படித்துச் சரிபார்த்த வேலை.