திருச்சி–சென்னை விமானம்: தாமதமானால் என்ன கேட்டு வாங்கலாம்?

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இந்த விமானம் லாபம்தான். மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்தவர்களுக்குத் திருச்சிக்குக் காரில் வந்து சேரவே நேரம் போய்விடும், அதற்கு நேராக ரயிலே மேல். திருச்சியில் 2024 ஜூனில் இயங்கத் தொடங்கிய புதிய முனையம் விசாலமாக இருக்கிறது, அதில் குறையில்லை. குறை நேரத்தில்தான்.

ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர்களுக்குப் போய் வருவதால், காலையில் விழுந்த அரை மணி தாமதம் மாலைக்குள் வளர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மாலை இடிமழையும் சேரும். அதனால் நாளின் முதல் விமானமே நல்லது. போகியன்று மட்டும் அதை எடுக்காதீர்கள்: சென்னையில் பழையதைக் கொளுத்தும் புகையும் பனியும் கலந்தால் ஓடுபாதையே தெரியாது.

நேரத்துக்குச் செக்-இன் செய்தவருக்கு, இவ்வளவு குறுகிய தடத்தில் 2 மணி நேரத் தாமதத்திலேயே உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும் என்பது டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பு) விதி. அறிவிப்புக்குக் காத்திராமல் கவுன்ட்டரில் கேளுங்கள். தாமதம் 6 மணி நேரத்துக்கு மேல் போனால் மாற்று விமானமோ முழுப் பணமோ, எது வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இரவு 8 மணியிலிருந்து விடியற்காலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் தங்கும் அறையும் உண்டு.

பலர் ஏமாறுவது ரொக்கத்தில். வெறும் தாமதத்துக்கு இழப்பீடு கிடையாது. முறையாக முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால்தான். பயண நேரம் 1 மணி வரை என்றால் 5,000 ரூபாய், 1 முதல் 2 மணி வரை என்றால் 7,500. அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அதுதான். மலிவு டிக்கெட் என்றால் கைக்கு வருவதும் சொற்பமே, இது நியாயமாகப் படவில்லை. வானிலை, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, பாதுகாப்பு ஆகியவை காரணமென்றால் அதுவும் இல்லை. ஆகவே 'ஆபரேஷனல் ரீசன்' என்று பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள். என்ன காரணம் என்று மின்னஞ்சலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ எழுத்தில் வாங்குங்கள். விமானப் பயணிகள் புகாருக்கான மத்திய அரசின் ஏர்சேவா செயலியில் புகார் கொடுக்கும்போது அதையும் போர்டிங் பாஸையும் சேர்த்துப் பதிவேற்றுங்கள்.

டிராவல்ஸில் டிக்கெட் போடுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: முன்பதிவில் இருப்பது உங்கள் செல்பேசி எண்ணா, ஏஜெண்டின் எண்ணா? சரியான தொடர்பு விவரம் தராதவருக்கு இழப்பீடு இல்லை என்று விதியே சொல்கிறது. ரத்துச் செய்தி ஏஜெண்டின் போனுக்குப் போய்விட்டால், நீங்கள் திருச்சிக்கு வந்த பிறகுதான் தெரியும்.

சென்னையில் இறங்கி சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ மாறுகிறவர்கள் இரண்டையும் ஒரே டிக்கெட்டில் போடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதித்து அடுத்தது போய்விட்டாலும் அந்த நஷ்டம் உங்களுடையது. வேறு வழியில்லாமல் தனியாகப் போட்டால், இடையில் குறைந்தது 5 மணி நேரமாவது விடுங்கள்.