தையல் கூடத்துக்கு ஏசியா, டக்ட் கூலரா?

திருப்பூரில் தகர ஷீட் கூரைக்குக் கீழே தையல் கூடம் நடத்துகிறவர்கள் பங்குனி பிறந்தாலே இந்தக் கேள்விக்கு வந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் விலை வாங்கிப் பார்த்துவிட்டு நான் டக்ட் கூலரைத்தான் மாட்டினேன்; ஈரத்தில் குளிர்ந்த காற்றைப் பெரிய குழாய் (டக்ட்) வழியே கூடத்துக்குள் அனுப்பும் கருவி அது. ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஏசியின் நிறை ஊரறிந்தது: கதவைச் சாத்தினால் குளிர், மழை நாளிலும் குளிர். செலவும் ஊரறிந்ததே. ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்களின் மோட்டார்கள், அயர்ன் மேஜை, அத்தனை பேரின் உடல் சூடு, மேலே கொதிக்கும் ஷீட் என்று எல்லாம் சேர்ந்தபோது, எனக்கு வந்த விலைப்பட்டியல் எதுவும் பத்து டன்னுக்குக் கீழே இறங்கவில்லை. மின் கட்டணத்தைக்கூட விட்டுவிடலாம். பஞ்சுத் தூசி பறக்கும் கூடத்தை மூடிப்போட்டு, அதே காற்றைச் சுற்றவிடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் 13ஆம் பிரிவில் காற்றோட்டத்தையும் வெப்பநிலையையும் சேர்த்தேதான் கேட்டது.

கூலர் வெளிக்காற்றை இழுத்து, நனைந்த அட்டை (கண் கண்ணாக இருக்கும் கூலிங் பேட்) வழியாக உள்ளே தள்ளுகிறது. எதிர்ப்பக்க ஜன்னல்கள் திறந்தே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூடம் புழுங்கிவிடும். வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், டக்ட் வாயில் 27 டிகிரி அளவில் காற்று வரும். நம் பக்கத்துப் பங்குனி, சித்திரைக்கு அது போதும். கடற்கரை ஊர்களின் கதை வேறு. 35 டிகிரியும் 65 சதவீத ஈரப்பதமும் இருந்தால் காற்று 30க்குக் கீழே இறங்காது, பிசுபிசுப்பு வேறு கூடும். சென்னைக்காரர்கள் ஏசி பக்கமே போகலாம்.

விற்பவர் வாய் திறக்காத விஷயம் தண்ணீர். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அட்டையிலேயே தங்கிவிடும். டிடிஎஸ், அதாவது கரைந்த உப்பு, லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் உள்ள போர்த் தண்ணீரில் ஆயிரம் லிட்டர் ஆவியானால் ஒன்றரை கிலோ உப்பு மிஞ்சும். அது அட்டையின் கண்களில் வெள்ளையாக இறுகி, நகத்தால் சுரண்டினாலும் வராமல் நிற்கிறது. கண் அடைந்தால் காற்று குறையும், மோட்டார் மட்டும் அதே வேகத்தில் கரண்டைத் தின்னும். கடின நீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் வைத்தால் தீரும் என்பார்கள். அது சுண்ணாம்பை மாற்றிச் சோடியத்தை விடுகிறது. மொத்த உப்பு குறைவதில்லை. என் ஏற்பாடு இதுதான்: போர்த் தண்ணீரோடு ஆற்றுத் தண்ணீரைக் கலப்பது, உப்பு சேராதபடி தொட்டியிலிருந்து ஒரு மெல்லிய கசிவை எப்போதும் ஓடவிடுவது, மாலையில் பம்பை நிறுத்தி ஃபேனை மட்டும் கால் மணி நேரம் ஓட்டி அட்டையை உலர்த்துவது, தொட்டியை வடித்துவிடுவது. வடிக்காவிட்டால் வாடையும் டெங்கு கொசுவும் வரும். இதற்கென்று ஓர் ஆளைப் பொறுப்பாக்க முடியாதவர்கள் கூலர் வாங்கவே வேண்டாம்.

ஆட்களுக்கு என்ன மாற்றம்? வெள்ளைத் துணியில் வியர்வைக் கறை பட்டுச் செக்கிங்கில் திரும்பும் பீஸ்கள் குறைந்தன. மதியத்துக்கு மேல் முகம் கழுவ எழுந்து போவதும் குறைந்தது. குறையும் உண்டு. டக்ட் வாய்க்கு நேர் கீழே இருந்த சிங்கர் (ஒற்றை ஊசி மெஷின்) டெய்லர் அக்கா, வெட்டிய கழுத்துப் பட்டி பறக்கிறது என்று அட்டைப் பெட்டியைக் கிழித்துக் கிரில்லில் பாதியை அடைத்துவிட்டார். அவர் செய்ததுதான் சரி. பிறகு கிரில்களை நடைபாதைப் பக்கம் திருப்பினோம். அயர்ன் மேஜைப் பக்கம் இன்னும் சூடுதான், அங்கே எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றவில்லை. ஐப்பசி மழையில் பம்பை நிறுத்தி வெறும் காற்றுதான்.

அட்டை எத்தனை கோடை தாங்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல இன்னும் காலமாகவில்லை. மாற்று அட்டையின் விலையை மட்டும், கூலருக்குப் பேரம் பேசும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.